கள்ளுப் பானையும் சுண்ணாம்புக் கணக்கும்

வேந்தருக்கு வணக்கம், பேராசிரியர்களுக்கு நன்றி, பெற்றோருக்கு வாழ்த்து. மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு, பட்டமளிப்பு விழாவின் சிறப்பு விருந்தினர் நேரே மலேசியாவின் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குள் நுழைந்துவிட்டார். மண்டபம் சிரித்தது. எழுபதைத் தாண்டிய கட்டடப் பொறியாளர். பால்மரம் வெட்டியவரின் மகன்.

குடியைப் புகழ வரவில்லை என்றார். அந்தக் கடை லயத்துக் குடும்பங்களைப் படுத்திய பாடு அவருடைய அம்மாவுக்குத் தெரியும். ஆனால் பையனாக இருந்தபோது, நுரைத்துக்கொண்டிருந்த பானைக்குள் எரியும் தீக்குச்சியை இறக்கிப் பார்த்தாராம். கள்ளைத் தொடுமுன்பே அணைந்தது. இன்னொன்று, இன்னொன்று. பெட்டி காலியானதும் முதுகில் அடி விழுந்தது. ஏன் அணைந்தது என்று சொல்ல ஆளில்லை. பல்கலைக்கழக முதலாண்டு வேதியியல் வகுப்பில்தான் கரியமில வாயு பிடிபட்டது. (அந்த வகுப்புக்கு இரவல் சப்பாத்தோடு போன கிளைக்கதை ஐந்து நிமிடம் ஓடியது.)

அதே கரியமில வாயுவைத் தொடர்ந்து பேச்சு பிறகு கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்குத் தாவியது. ஒயின் தயாரிப்பைக் கற்க மாணவர்களுக்கு அங்கே ஆலையே உண்டு. அதற்குத் துணையாக, ஒயின் தயாரிப்பாளர் ஜெஸ் ஜாக்சன் பெயரில் 2013இல் ஒரு கட்டடம் திறந்தார்கள். சுமார் 8,500 சதுர அடி. வேண்டிய மின்சாரத்தைக் கூரைச் சூரியத் தகடுகளிலிருந்தே எடுப்பது, மழைநீரைச் சேர்த்துத் தொட்டி கழுவுவது, கழுவிய நீரைச் சுத்திகரித்து மறுபடி கழுவுவது என்பது ஏற்பாடு. ஒரு லிட்டர் திராட்சைச் சாறு புளித்து முடிவதற்குள் 50 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். அதையும் பிடித்துச் சுண்ணக்கட்டியாக்கத் திட்டமிட்டார்கள்.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் மூடாமல் விட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறுகிப்போகுமே, அதே வேலைதான் என்றார். சரி, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? சூளையில் கல்லைச் சுட்டு. சுடும்போது அந்தக் கல், பிறகு உறிஞ்சப்போகும் அளவு வாயுவை முன்கூட்டியே கக்கிவிடுகிறது. ஆலை வாசலோடு கரியமிலக் கணக்கை மூடினால் பூஜ்யம். சூளைவரை நீட்டினால் உதைக்கிறது. “பூஜ்யம் என்று பலகை மாட்டுகிறவரிடம், கோட்டை எங்கே கிழித்தீர்கள் என்று கேளுங்கள், பிள்ளைகளே!”

நெகிரி செம்பிலானில் படிக்க ஒயின் ஆலை எதற்கு, செம்பனை ஆலைக் குட்டை போதும் என்பது அவர் பிடிவாதம். குட்டையில் கழிவுநீர் அழுகிக் கிளம்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். செர்த்திங் ஹிலிர் ஃபெல்டா ஆலையில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகமும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து அதை மூடிய கலனில் பிடித்துக் காட்டின.

விழா முடிந்ததும் அங்கி கழற்றாத ஒரு பெண் மேடையோரம் வந்து மடக்கினாள். “ஐயா, அந்தக் குட்டை வாயுவிலேயே சூளையை எரித்தால்?”

“விறகுக் கணக்கு தீரும்மா. கல்லுக்குள் இருப்பது அப்படியேதான் வரும்” என்றவர், அழைப்பிதழைத் திருப்பி வைத்துக்கொண்டு அவளிடம் பேனா கேட்டார்.