கதிர்வீச்சுக் கருவி உண்மையில் என்ன சொல்லும்?



சென்ற மாதம் பரமத்தி வேலூர் பக்கம் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க சார், எங்க வீட்டுப் பழைய செம்புக் கலசத்துல இரிடியம் இருக்குதாம். கோடிக்கணக்குல விலை போகுமாம். மிஷின் வச்சுச் சோதிக்க ரெண்டு லட்சம் கேக்கறாங்க. காட்டை அடமானம் வச்சுக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரிடியம் உலோகத்துக்கு இயல்பாகக் கதிர்வீச்சு கிடையாது. வெல்டிங்கைச் சோதிக்கத் தொழிற்சாலைகளில் பயன்படும் இரிடியம்-192 கதிர் வீசும். அது அணு உலையில் தயாராவது. அதன் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும். இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பாட்டன் காலத்துக் கலசத்தில் அது எப்படி இருக்கும்?

அதற்காகக் கதிர்வீச்சு ஆபத்தே பொய் என்று எண்ணிவிடாதீர்கள். 2010 ஏப்ரலில், டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஏலத்தில் வந்த ஒரு பல்கலைக்கழகக் கருவியைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, வாசனையில்லை. கருவிதான் காட்டிக் கொடுக்கும்.

கருவியிலும் வகை உண்டு. மழையை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதைப் போலச் சொல்வது சர்வே மீட்டர். இதுவரை பெய்தது எத்தனை என்று மழைமானி சொல்வதைப் போலச் சொல்வது, ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் டோசிமீட்டர். கையிலும் துணியிலும் ஒட்டிய தூசியைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி உண்டு. ஆல்பா கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும் என்பதால், அதற்கு மெல்லிய ஜன்னல் உள்ள கருவிதான் உதவும். ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது.

கருவி கொண்டு வருபவரிடம் நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. அளவு சரிபார்த்த சான்றிதழும் தேதியும் இருக்கிறதா?

2. முதலில் தள்ளி நின்று சுற்றுப்புற அளவை எடுத்தாரா? சாதாரண இடத்திலும் மணிக்குச் சுமார் 0.1 மைக்ரோ சீவெர்ட் காட்டும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருப்பதால் இயற்கையாகவே பல மடங்கு காட்டும். ஆகவே 'டிக் டிக்' சத்தம் புதையலுக்குச் சாட்சி ஆகாது.

3. தூரத்திலிருந்து அளந்துகொண்டே மெதுவாக நெருங்குகிறாரா? கதிர்வீச்சு மிகக் கடுமையானால் சில கைகர் கருவிகள் திணறிச் சைபர் காட்டும். சைபர் என்றதும் தைரியமாகக் கிட்டப் போய்விடக் கூடாது.

மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விசிறிச் சின்னமோ, சிறியதாயிருந்தும் மிகக் கனமான ஈயப் பெட்டியோ கண்ணில் பட்டால், தொடாதீர்கள், உடைக்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். விலகி நில்லுங்கள், தூரம் இரு மடங்கானால் கதிர்வீச்சு கால்பங்காகும். பிள்ளைகளை அண்டவிடாமல் 112-க்குச் சொல்லுங்கள். கலெக்டர் ஆபீஸ் மூலம் அணுசக்தித் துறை நிபுணர்கள் வருவார்கள். அளப்பதற்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள்.

பெரியவர் கலசத்தைப் புளி போட்டுத் துலக்கித் திரும்பவும் பூஜையில் வைத்துவிட்டார். காடும் அவர் பேரிலேயே இருக்கிறது.