குளத்தில் ஓடும் கப்பலில் நாங்கள் இருவர்

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டிக் கனடாக் கிளை நடத்திய ஒன்றுகூடலில் பழைய மாணவியர் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர்மாரும் கணக்காளர்களும் நிறைந்த சங்கம் இது. கப்பலில் மண்வெட்டியோடு நின்ற கதையை இங்கே யார் கேட்பார்கள் என்று செயலாளர் அக்காவிடம் கேட்டோம். "அதைத்தான் வந்து சொல்லுங்கோ" என்றார். சொல்கிறோம்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. உயர்தரம் முடித்து, வெவ்வேறு வருடங்களில் கனடாவுக்கு வந்து, ஓவன் சவுண்ட் நகரில் ஜோர்ஜியன் கல்லூரியின் கப்பற் பயிற்சி நிலையத்தில் திரும்பச் சந்தித்தோம். ஒருவர் கப்பல் செலுத்தும் பிரிவு, மற்றவர் இயந்திரப் பிரிவு. வகுப்பில் படித்தால் மட்டும் அதிகாரியாக முடியாது. மாதக்கணக்கில் கப்பலில் பயிலுநராக வேலை செய்ய வேண்டும். ஒரு பருவம் இருவருக்கும் ஒரே கப்பல் கிடைத்தது. அந்தப் பருவத்தைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

ஏரியில் கப்பல் என்றதும் சொந்தக்காரர் கேட்ட முதற் கேள்வி, "குளத்துக்குள்ளை என்ன கப்பல்?" என்பது. சுப்பீரியர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீற்றர். இலங்கை முழுவதும் 65,610. எங்கள் நாட்டைத் தூக்கி அதற்குள் வைத்தாலும் சுற்றிவரத் தண்ணீர் மிஞ்சும். அத்திலாந்திக் கடலில் இருந்து அந்த ஏரியின் மேற்கு முனைவரை கப்பல் பாதை சுமார் 3,700 கிலோமீற்றர்.

எங்கள் கப்பல் 225 மீற்றர் நீளம். பாடசாலை மைதானத்தில் 200 மீற்றர் ஓட்டத்துக்குச் சுண்ணாம்பு போடுவோமே, அந்தக் கோடு முழுவதையும் நேராக இழுத்து வைத்தாலும் கப்பலின் நீளம் வராது. மேற்கில் தண்டர் பே துறைமுகத்தில் கோதுமை ஏற்றி, கீழே செயின்ற் லோறன்ஸ் ஆற்றுத் துறைகளுக்குக் கொண்டுபோவோம். திரும்பி வரும்போது இரும்புத் தாது. இடையில் ஹியூரன் ஏரிக்கரையில் கொடரிச் என்ற ஊரில் உப்பு. ஏரியின் அடியில் சுரங்கம் தோண்டி எடுக்கிற உப்பு அது. பனிக்காலத்தில் தெருவில் கொட்டுவதற்கு. ஆனையிறவு உப்பைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, உப்பைத் தெருவில் கொட்டுவதைக் காண இன்றைக்கும் மனம் ஒப்புவதில்லை.

கப்பலில் நாள் என்பது காலையில் தொடங்கி இரவில் முடிவது அல்ல. நான்கு மணித்தியாலம் காவல், எட்டு மணித்தியாலம் இடைவெளி, திரும்ப நான்கு. எங்களில் கப்பல் செலுத்தப் பயின்றவருக்கு அதிகாலை 4 முதல் 8 வரை, பின்னேரம் 4 முதல் 8 வரை. 3.45க்கே சுக்கான் அறையில் நிற்க வேண்டும். இருட்டுக்குக் கண் பழக வேண்டும் அல்லவா? கோப்பி போடுவது, ராடாரில் வரும் கப்பல்களைக் குறிப்பது, வரைபடத்தில் நிலையைப் பதிவது, காற்றையும் பார்வைத் தூரத்தையும் பதிவேட்டில் எழுதுவது. ஆறுகளில் மட்டும், அதிகாரி பக்கத்தில் நிற்க, சுக்கானைக் கையில் தருவார்கள். சொன்ன கட்டளையைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். வாய்ப்பாடு ஒப்புவித்த வகுப்பறைப் பழக்கம் இப்படி உதவும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

இயந்திரப் பிரிவில் இருந்தவருக்குச் சூரியனே இல்லை. கோடையில் கீழே 40 பாகை வெக்கை. காதை மூடிக்கொண்டு, கையால் சைகை காட்டித்தான் கதைக்கலாம். வெப்பமானி, அமுக்கமானி ஒவ்வொன்றாக வாசித்து எழுதுவது, எண்ணெய் சுத்திகரிக்கும் பொறியைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவது, தாங்கிகளின் அளவு பார்ப்பது. ஒரு மாதம் போனதும், இரும்பைத் தொடாமலே சத்தத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கப் போவது அம்மாவுக்கு முன்னறையில் இருந்தே தெரியுமே, அப்படித்தான்.

"இடையில் எட்டு மணித்தியாலம் ஓய்வுதானே" என்று கேட்பீர்கள். அதற்குள்ளேதான் சாப்பாடு, குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, பயிற்சிப் பதிவேடு எழுதிக் கையொப்பம் வாங்குவது எல்லாம். நடுவில் துறைமுகம் வந்தால் நித்திரையும் இல்லை.

எங்கள் கப்பல் தன் சரக்கைத் தானே இறக்கும். களஞ்சியங்களின் அடியில் கதவுகள் உண்டு. திறந்தால் தாது கீழே ஓடும் பட்டியில் விழும். பட்டி அதை மேலே கொண்டுபோய், நீண்ட கை ஒன்றின் வழியாகக் கரையில் குவிக்கும். துறைமுகத்தில் கிறேன் தேவையில்லை. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் பட்டியில் இருந்து சிந்துவதெல்லாம் அடிச்சுரங்கத்தில் கிடக்கும். அதை அள்ளுவது யார்? பயிலுநர்தான். இறக்கி முடிந்ததும், அடுத்த சரக்குக்காகக் களஞ்சியத்தைக் குழாயடித்துக் கழுவ வேண்டும். தாது கிடந்த இடத்தில் கோதுமை போடுவதென்றால் ஒரு மூலை தப்பக்கூடாது.

இந்த இடத்தில் தங்கைமாருக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். மூடிக்கிடந்த தாங்கிக்குள் காற்றைப் பரிசோதிக்காமல் யார் சொன்னாலும் இறங்கக்கூடாது. இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும். மணம் இராது, மூச்சு முட்டுவதும் தெரியாது, ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க ஓடியவர்களும் இறந்த கதைகள் கப்பற் தொழிலில் நிறைய உண்டு. பதினோராம் வகுப்பு விஞ்ஞானத்தில் துருவுக்குச் சமன்பாடு எழுதிப் புள்ளி வாங்கினோம். அது ஆளைக் கொல்லும் என்பதைக் கப்பலில்தான் படித்தோம்.

இனி வெலண்ட் கால்வாய். ஒன்ராறியோ ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் இடையில் ஏறத்தாழ 100 மீற்றர் உயர வித்தியாசம். பக்கத்தில்தான் நயாகரா விழுகிறது. கப்பல் அருவியில் ஏறாதே! ஆகவே 43 கிலோமீற்றர் நீளக் கால்வாய் வெட்டி, எட்டு லொக் கட்டியிருக்கிறார்கள். இப்போதுள்ள கால்வாய் 1932இல் திறக்கப்பட்டது. லொக் என்பது பெரிய தொட்டி: கப்பல் உள்ளே போகும், கதவு சாத்துவார்கள், தண்ணீரை விட்டால் கப்பல் எழும்பும். தொட்டியின் அகலம் 24.4 மீற்றர், கப்பலின் அகலம் 23.8. இரு பக்கமும் ஒரு அடிக்கோல் அளவுதான் இடைவெளி. முன் முனையில் நின்று, சுவருக்கு எத்தனை அடி என்று வோக்கியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த எண்ணை நம்பித்தான் பின்னால் 30,000 தொன்னோடு கப்ரின் வருகிறார். முதன்முறை அந்த வேலையைத் தந்த நாளில், எங்களைப் பயிலுநர் என்று யாரும் கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

வீட்டாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் அம்மாமாருக்கு இரவில் தண்ணீர் என்றால் கிளாலி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விளக்கில்லாத வள்ளத்தில் நீரேரி கடந்தவர்கள் அவர்கள். கூட வந்த எல்லோரும் கரை சேரவில்லை. அப்படிப்பட்டவர்களிடம் போய், இரவில் கப்பலில் வேலை என்று சொன்னால் என்ன சொல்வார்கள்? ஒருவருடைய அம்மா மூன்று வாரம் கதைக்கவில்லை. மற்றவருடைய அம்மா, "உன்னைத் தண்ணியிலை இருந்து காப்பாத்தத்தானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்றார். அதற்குப் பதில் எங்களிடம் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. கப்பல் எங்கே நிற்கிறது என்று ரெலிபோனில் பார்க்கும் செயலியைப் போட்டுக் கொடுத்தோம். பிறகு அவர்களே எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள்: "இப்ப ஹியூரனிலை நிக்கிறியள், காத்து கூடவாம், சுவெற்றர் போடுங்கோ." சுப்பீரியரின் நடுவில் ரெலிபோன் எடுபடாது. அந்த ஒரு நாள்தான் இரண்டு வீட்டிலும் சமைப்பதில்லை என்று பின்னர் தெரிந்தது.

அவர்களுடைய பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டோம். 1975 நவம்பர் 10ஆம் திகதி எட்மண்ட் பிற்ஸ்ஜெரல்ட் என்ற பெரிய கப்பல் சுப்பீரியரில் புயலில் தாழ்ந்தது. 29 பேர், ஒருவரும் தப்பவில்லை. ஏரி அலை கடல் அலை போல் நீண்டு உருண்டு வராது. குறுகி, செங்குத்தாக, ஒன்றின்மேல் ஒன்றாக அடிக்கும். நவம்பரில் எங்கள் கப்பலும் ஒன்றரை நாள் ஒரு குடாவுக்குள் நங்கூரமிட்டுக் காத்திருந்தது. கப்ரின் வானிலைத் தாளைப் பார்த்துவிட்டு, "கோதுமைக்கு அவசரமில்லை" என்றார். மேற்தளத்தில் தெறித்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே உறைந்தது. மரச் சுத்தியலால் உடைத்தோம். டிசம்பர் கடைசியில் நொய்ப்பனி நீர் உறிஞ்சும் வடிகளை அடைக்க, இயந்திரத்தைக் குளிரவைக்கத் தண்ணீர் வராமல், அவற்றை மாறி மாறிக் கழற்றித் துப்புரவாக்கியே கீழே காவல் முடியும். பின்னர் மார்ச் கடைசிவரை கால்வாய் பூட்டு.

பெண்கள் எத்தனை பேர் என்று கேட்பீர்கள். 2021இல் வெளிவந்த கணக்கின்படி உலகக் கப்பலோட்டிகளில் பெண்கள் 1.28 சதவீதம். எங்கள் கப்பலில் நாங்கள் இருவர் மட்டும். தந்த ஓவரோலை நான்கு மடிப்பு மடித்துக் கட்டினோம். கையுறை கடைசிவரை பெரிதுதான். பெரிய கையுறை நகைச்சுவை இல்லை. கயிறு இழுக்கும்போது அதுவும் சேர்ந்து போகும். மூன்றாம் முறை கேட்டும் வராதபோது சொந்தக் காசில் வாங்கினோம். அறைக்கு உள்பூட்டு இருந்தது, தனிக் குளியலறை இருந்தது. ஓரிருவர் கதை சரியில்லை. முதல் அதிகாரியிடம் ஒருமுறை சொன்னோம். இரண்டாம் முறை சொல்ல வேண்டி வரவில்லை. எல்லாக் கப்பலிலும் இப்படி இராது. போகுமுன் விசாரியுங்கள், எங்களையும் கேளுங்கள்.

சமையற்காரர் நியூபவுண்லாந்துக்காரர். எங்கள் மிளகாய்த்தூள் போத்தலை முதலில் மணந்துவிட்டுத் தும்மினார். ஒக்ரோபரில் தன்னுடைய மீன் சூப்புக்கு அதையே இரவல் கேட்டார். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றதும் முட்டை பொரித்துத் தந்தார்; முட்டையும் இல்லை என்று விளக்க ஒரு மாதம் எடுத்தது.

இப்போது ஒருவர் மூன்றாம் அதிகாரி, மற்றவர் நான்காம் பொறியியலாளர். வெவ்வேறு கப்பல்கள். எதிரெதிரே கடக்கும்போது, கப்ரின் அனுமதித்தால், மூன்று நீளமும் இரண்டு குறுக்கமுமாக ஊதுவோம். ஏரிக் கப்பல்களின் வணக்கம் அது.

பார்க்க விரும்புகிறவர்கள் செயின்ற் கதரின்ஸ் நகருக்கு வாருங்கள், ரொறன்ரோவில் இருந்து ஒன்றரை மணித்தியாலம். மூன்றாம் லொக்கின் பக்கத்தில் ஏறி நின்று பார்க்க மேடை கட்டியிருக்கிறார்கள். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று அங்கே எழுதிப் போடுவார்கள். கை காட்டுங்கள். நாங்கள் திருப்பிக் காட்டாவிட்டால் கோபிக்காதீர்கள்; முன்னுக்கு நிற்பவர் அப்போது சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், மற்றவர் கீழே இருப்பார்.