கல்வி நிதிக்கு ஒரு நிலம் வேண்டும்

(சங்கத்தின் 50ஆம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)





இளம் வணிகர்கள் சார்பில் கல்வி பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்தீர்கள். பால்மரம் வெட்டியவர்கள் சேர்ந்து வளர்த்த ஒரு சங்கத்தின் கதையோடு தொடங்குகிறோம்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். துண்டான நிலத்தில் பழைய ஆட்களுக்கு வேலை இல்லை. வேலை போனதோடு லயத்து வீடும் போனது.

நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தும் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அப்படிச் சேர்ந்த பணத்தில் முதலில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாக மற்ற தோட்டங்கள் வந்தன.

அந்தப் பத்து வெள்ளியின் அருமை இந்த அவைக்குத் தெரியும். நம் முன்னோரில் பலர் தோட்டக் கடை வைத்தவர்கள். சைக்கிளில் துணிமூட்டை கட்டி லயம் லயமாகப் போனவர்கள். சம்பள நாளில் கடன் நோட்டை விரித்து உட்கார்ந்தவர்கள். அரிசிக் கடனும் துணிக் கடனும் தீர்த்துவிட்டு, கையில் மிஞ்சியதிலிருந்துதான் தொழிலாளி அந்தப் பங்கைக் கட்டினார்.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. துன் சம்பந்தன் 1979ல் காலமானார். ஆனாலும் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கம் உயர்கல்வி உதவி வழங்குகிறது. காரணம் ஒன்றுதான். அது ஒரு தனவந்தரின் கைப்பணம் அல்ல; உறுப்பினர்களின் சொத்தில் விளையும் வருமானம்.

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நம் கல்வி நிதி அப்படி இல்லை. பிள்ளைக்குக் கல்லூரி அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் நாம் வசூலுக்குப் புறப்படுகிறோம். வியாபாரம் நன்றாக நடந்தால் நிதி நிறைகிறது, படுத்தால் வற்றிவிடுகிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடைகள் அடைபட்டபோது, கொடுத்துவந்த கைகளில் சில வாங்கும் கைகளாயின. அந்த ஆண்டும் பிள்ளைகளுக்குக் கடிதம் வராமல் இல்லை.

இன்னொன்று. மருத்துவமும் சட்டமும் படிப்பவர்களை மேடையேற்றுகிறோம். டிப்ளோமா படிப்பவர்களை மறந்துவிடுகிறோம். இப்போவிலேயே 1969 முதல் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. எங்களில் பாலிடெக்னிக் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அங்கே பருவக் கட்டணம் குறைவு. மாணவனைச் சாய்ப்பது அறை வாடகையும், சாப்பாடும், பேருந்துச் செலவும், கணினியும்தான். இரண்டாம் பருவத்திலேயே படிப்பை விட்டுவிட்டுக் கல்லாவுக்கு வந்து நின்ற நண்பர்கள் எங்களுக்கு உண்டு. கடைக்கு நம்பிக்கையான ஆள் கிடைத்தான் என்று நாம் மகிழ்ந்தோம். அவன் எதை விட்டுவிட்டு வந்தான் என்று கேட்கவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, கல்வி நிதிக்கென்று இப்போவில் ஒரு கடைவீடு. அதன் வாடகை படிப்புக்கு மட்டுமே. அதை வக்ஃபாக வைப்பதானால், மாநில இஸ்லாமிய சமய மன்றம்தான் பொறுப்பாளர். அவர்கள் வழியாகவே முறைப்படி செய்வோம். கூட்டுறவாக வைப்பதானால், மேலே சொன்ன சங்கமே நமக்கு முன்மாதிரி. தனவந்தர்கள் பெருந்தொகை தரட்டும். ஆனால் ஒவ்வோர் உறுப்பினரும் மாதம் பத்து ரிங்கிட்டாவது கட்டட்டும். கட்டியவருக்குத்தான் கணக்குக் கேட்கத் தோன்றும்.

இரண்டாவது, ஒரே நாளில் காசோலை கொடுத்துப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், படிப்பு முடியும்வரை மாதந்தோறும் உதவித்தொகை. ஆண் பெண் வேறுபாடு வேண்டாம். பாலிடெக்னிக், தொழிற்கல்வி மாணவர்களும் சேரட்டும்.

மூன்றாவது, ஸக்காத் பணத்தைத் தொடாமல், ஸதக்கா நிதியிலிருந்து ஆண்டுக்கு ஓர் இடமாவது பழைய தோட்டக் குடும்பத்துப் பிள்ளைக்கு, மதம் பாராமல். அவர்களின் சம்பள நாள்தான் நம் பாட்டன்மாரின் வியாபார நாளாக இருந்தது. நம் கடன் நோட்டில் அவர்கள் கணக்கை எழுதினோம். அவர்களுக்கு நாம் பட்ட கடனை எந்த நோட்டிலும் எழுதவில்லை.

மனிதன் மறைந்த பின்னும் நன்மை வந்துகொண்டே இருக்கும் தர்மத்தை ஸதக்கத்துல் ஜாரியா என்கிறோம். கிணறு வெட்டியவர்களும் பள்ளிவாசல் கட்டியவர்களும் அதை நமக்குக் காட்டிச் சென்றார்கள். இந்தப் பொன்விழா ஆண்டில் நாம் ஒரு கடைவீட்டைத் தொடங்கி வைப்போம். நூறாம் ஆண்டு மலரில் அதன் வாடகையில் படித்த ஒரு பிள்ளை எழுதட்டும்.

அல்லாஹ் நம் நிய்யத்தை ஏற்று அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.