கிளியனூர் சாவடியில் எதைத் தேடுகிறார்கள்?



குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான சட்டம் நியாயமா, ரொம்பக் கெடுபிடியா? இந்தக் கேள்விக்குக் கிளியனூரைவிடப் பொருத்தமான மேடை கிடைக்காது. அரை மணி நேரத்தில் புதுச்சேரி; அங்கே சரக்கு மலிவு. அதனால்தான் திண்டிவனம் சாலையில் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, கார் டிக்கியைத் திறந்து, பேருந்துப் பயணியின் பையை அமுக்கிப் பார்க்கிறார்கள். தேடுவது பாண்டி பாட்டில். மூடி திறக்காத பாட்டில் சிக்கினால் வழக்கு. அதே பாட்டிலை எல்லைக்கு அந்தப் பக்கமே காலி செய்துவிட்டு, வயிற்றில் சுமந்தபடி ஹேண்டில்பாரைப் பிடித்து வருபவர்? மதுவிலக்குச் சோதனையின் கண்ணுக்கு அவர் பை சுத்தம்!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. இங்கிலாந்தில் இந்த அளவு 80. ஸ்வீடனில் 20. "வெள்ளைக்காரனுக்கு எண்பது, நமக்கு முப்பதா?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 கிலோ எடையுள்ள ஆண் ஒரு முழு பீர் குடித்தால் அளவு ஐம்பதை எட்டும். ஒரு குவார்ட்டர் என்றால் நூற்று முப்பதைத் தொடும். உடம்பு அதை மணிக்குச் சுமார் பதினைந்து வீதம்தான் கரைக்கும். இரவு பத்து மணிக்குக் கடை சாத்தும்போது குவார்ட்டர் அடித்தவர், விடியற்காலை நாலு மணிக்கு உப்பு லாரியில் ஏறினால் இன்னும் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கும். குளித்து, காபி குடித்து, நெற்றியில் திருநீறு பூசியிருந்தாலும் சட்டப்படி அவர் போதையில்தான் இருக்கிறார். "நேத்து அடிச்சது இறங்கிடுச்சு" என்பது நாக்கு சொல்லும் செய்தி. ரத்தம் அதைச் சொல்வதில்லை.

ஆகவே முப்பது என்ற அளவில் குற்றம் காண இடமில்லை.

அபராதம் வேறு கதை. இரண்டாயிரமாக இருந்ததை 2019 திருத்தம் பத்தாயிரமாக்கியது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நூறு நாள் வேலையில் 2025-26க்கான நாள் கூலி 336 ரூபாய். பத்தாயிரம் என்றால் ஏறத்தாழ முப்பது நாள் உழைப்பு. காரில் வருபவருக்கு அது ஒரு விருந்துச் செலவு. ஒரே தொகை இருவருக்கும் ஒரே தண்டனை ஆகாது. வசூலும் எளிதல்ல: சென்னையில் அபராதம் கட்டாதவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கப் போக்குவரத்துக் காவல் அழைப்பு மையங்களையே திறக்க வேண்டியதாயிற்று.

கடையைத் தள்ளிவைத்தால் சரியாகுமா? அதையும் பார்த்தாயிற்று. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஏப்ரலில் இங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்ட டாஸ்மாக் கடைகளுக்குப் பூட்டு. பிறகு? கடைகள் ஊருக்குள் இடம் தேடின. சாமளாபுரம் போன்ற ஊர்களில் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். கேரளத்தில் வடக்கு பரவூரில் ஒரு மதுக்கூடம் இடம் மாறவே இல்லை. வாசலுக்குப் போகும் வழியைச் சுவர் எழுப்பிச் சுற்றிச் சுற்றி வளைத்து, நடக்கும் தூரத்தை மட்டும் கூட்டிவிட்டது. குடிக்கப் போனவர் கூடுதலாக நடந்தார். திரும்பும்போது வண்டியில்தானே போயிருப்பார்?

கெடுபிடியைக் கூட்டுவது மட்டுமே மருந்தென்றால் மரக்காணம் எப்போதோ குணமாகியிருக்கும். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் மீனவக் குடும்பங்களைச் சூறையாடியது. செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் இறந்தவர்கள் இருபதுக்கு மேல். விற்பது அப்போதும் குற்றம்தான். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள். அதற்குப் பிறகே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். தண்டனையின் நீளத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. இன்று ராத்திரி மாட்டுவோமா, மாட்ட மாட்டோமா என்றுதான் மனிதன் கணக்குப் போடுகிறான்.

எனவே இந்த ஊர் கேட்க வேண்டியவை இரண்டு. பை தடவும் இடத்திலேயே ஊதும் கருவியும் இருக்கட்டும். புதுக்குழாய் மாட்டி, "ஊதுங்க" என்று லாரிக்காரரிடமும் கார்க்காரரிடமும் ஒரே குரலில் சொல்லட்டும். இரவு பத்து மணிக்கு மட்டும் போதாது, விடியற்காலை நாலு மணிக்கும் வேண்டும். இரண்டாவது, சனி ஞாயிறு இரவுகளில் புதுச்சேரியிலிருந்து திண்டிவனத்துக்குப் பின்னிரவுப் பேருந்து. குடிப்பவர் குடிக்கத்தான் போகிறார் என்றால் படிக்கட்டில் ஏறியாவது ஊர் வந்து சேரட்டும். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது; பேனாவும் அங்கேயே கட்டிவைத்திருக்கிறது.