மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் கவனத்துக்கு
(மருத்துவ உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இல் சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைகளுக்கும் அது கிடைக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அறுவை முடிந்ததோடு கவனம் முடிந்துவிடாது.

புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, இரத்தமாகப் போனாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, "சூடு", "மூலம்" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. வயிற்றுப்புண்ணாக இருக்கலாம். வேறு காரணங்களும் உண்டு.

ஒன்று, சைட்டோமெகாலோ வைரஸ். பலர் உடலில் சத்தமில்லாமல் கிடக்கும் இது, எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் குடலைப் புண்ணாக்கும். இரண்டு, சாப்பிடும் மருந்தே. மைக்கோஃபீனோலேட் சிலருக்குப் பேதியையும் குடற்புண்ணையும் உண்டாக்கும். அபூர்வமாகப் பூஞ்சையும், நிணநீர்ப் புற்றும் காரணமாகலாம்.

மூன்றாவது, மலையில் வாழும் நாம் முக்கியமாக அறிய வேண்டியது: ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு. கொக்கிப்புழுவை விடச் சிறியது. வயலிலும் குச்சிக்கிழங்குக் காட்டிலும் வெறுங்காலோடு நடக்கும்போது தோல் வழியே ஏறும். குடலுக்குள்ளேயே பெருகி, பல பத்தாண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கும். ஸ்டீராய்டு மருந்து தொடங்கியதும் கட்டுமீறிப் பெருகி, குடலில் இரத்தக்கசிவு உண்டாக்கி, நுரையீரல் வரை போய் உயிரையே பறிக்கலாம். உறுப்பு தருபவரிடமிருந்தும் வரலாம். ஒருமுறை மலம் சோதித்தால் தப்பிவிடும். இரத்தப் பரிசோதனையும் உண்டு. முன்கூட்டியே கண்டால் ஐவர்மெக்டின் மாத்திரையால் குணப்படுத்தலாம்.

ஆகவே அறுவைக்கு முன்பே, "மலையில் வெறுங்காலோடு வேலை செய்தவன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். உறுப்பு தரும் உறவினரும் சொல்லட்டும். வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் கேட்காமல் சாப்பிடாதீர்கள். இரத்தம் கண்ட பயத்தில் மாற்று உறுப்புக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், உறுப்பே போய்விடும். நோன்பு வைப்பதையும் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் நாம் கீழே இறங்க வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். மருந்துச் சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும்.

அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.