ஏலங்கூறுவோன் சொல்

இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சந்தைகளிலே கால்நடைகளை ஏலங்கூறி விற்பவருக்குக் குரல்வளம் மட்டும் போதாது. ஆடோ மாடோ வட்டக்களத்துள் வந்ததும் அதன் பெறுமதியைக் கண்ணால் அளந்துவிடல் வேண்டும். ஒருவர் தலையசைப்பும் மற்றொருவர் விரலசைப்பும் அங்கே கேள்விகளாகும். சுத்தியல் வீழ்ந்ததும் பேரம் முடிந்தது.

2001ஆம் ஆண்டு பெப்ரவரியிலே பிரித்தானியாவிற் கோமாரி நோய் பரவிற்று. சந்தைகள் மூடப்பட்டன. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அவற்றுக்கு அரசாங்கம் நட்டஈடு வழங்கவேண்டியிருந்தது. சந்தையே இல்லாதபோது விலையை எங்ஙனம் அறிவது? ஏலங்கூறுவோர் பலர் மதிப்பீட்டாளராக அழைக்கப்பட்டனர். கேள்வி கேட்போர் எவருமற்ற தொழுவங்களில் நின்று, கொல்லப்படவிருந்த மந்தைகளுக்கு அவர்கள் விலை கூறினர். பண்ணையாளனின் மறுவாழ்வு அந்தச் சொல்லிலேயே தங்கியிருந்தது. கூவி விற்கும் தொழிலுக்கும் நேர்மையே முதல் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?