பொது நூலகமும் நம் குடும்பங்களும்



ஆயர் தாவார் என்ற மலாய்ப் பெயருக்கு நன்னீர் என்று பொருள். அந்த ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களில் பல இன்று தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமான்களிலும் கம்பங்களிலும் வாழ்கின்றன. ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. தோட்ட வாழ்க்கையில் பள்ளிக்கூடம், கோயில், ஆயாக்கொட்டகை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. சில தோட்டங்களில் படிப்பகமும் இருந்தது. மாலையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தோட்டம் கலைந்தபோது படிப்பகமும் கலைந்தது.

அந்த இடத்தை இன்று நிரப்பக்கூடியது பொது நூலகம். ஆனால், அதன் படியேற நம்மில் பலர் தயங்குகிறோம். "அது படித்தவர்கள் போகிற இடம், நமக்கு அங்கே என்ன வேலை?" என்று ஒதுங்கிவிடுகிறோம். பொது நூலகம் அரசாங்கப் பணத்தில் நடக்கிறது. அந்தப் பணத்தில் நாம் கடையில் வாங்கும் பொருள்களின் வழியாகச் செலுத்தும் வரியும் சேர்ந்திருக்கிறது. ஆகவே, அங்கே நாம் விருந்தாளிகள் அல்லர், பங்குள்ளவர்கள்.

நூல் இரவல் கொடுப்பது மட்டுமே நூலகத்தின் வேலை என்று நினைக்க வேண்டாம். பத்திரிகை படிக்கலாம், கணினி உள்ள இடத்தில் அதைப் பயன்படுத்தலாம். சிறுவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பள்ளி விடுமுறையில் கதை சொல்லுதல், வண்ணம் தீட்டுதல் போன்ற நிகழ்ச்சிகளும் நடக்கும். எல்லாவற்றையும்விட நாம் பெரிதாக மதிப்பது அங்குள்ள மேசையையும் நாற்காலியையும்தான். எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைக்கு, ஒரே கூடத்தில் தொலைக்காட்சியும் தம்பி தங்கைகளும் இருக்கும் வீட்டில், எந்த மூலையில் அமைதி கிடைக்கும்? நூலகத்தில் அது காசில்லாமல் கிடைக்கிறது. தாய்மார்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. சமையல், தையல், குழந்தை வளர்ப்பு, நீரிழிவு நோய்க்கான உணவு முறை, வீட்டுத் தோட்டம் ஆகியவை பற்றியெல்லாம் நூல்கள் உண்டு.

ஈப்போ நகரில் துன் ரசாக் நூலகம் இருக்கிறது. பேராக் மாநிலப் பொது நூலகக் கழகத்துக்கு மாவட்டங்களில் கிளைகள் இருக்கின்றன. நூலகம் தொலைவில் இருக்கிறதே என்பீர்கள். இந்தக் குறைக்கு ஒரு பழைய மருந்து உண்டு. தஞ்சைப் பகுதியிலிருந்து நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்தார்கள் அல்லவா? அங்கே மன்னார்குடியில், 1931ஆம் ஆண்டில், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒரு மாட்டு வண்டியையே நூலகமாக அமைத்தார். வண்டி ஊர் ஊராகப் போயிற்று. வயலில் உழைத்தவர்களின் வாசலுக்கே நூல் வந்தது. அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். நூல்கள் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்ற கருத்துகளை வைத்து, அதே 1931இல் நூலக விதிகள் ஐந்தை வெளியிட்டார். இன்று மாட்டின் வேலையை மோட்டார் செய்கிறது. நம் நாட்டிலும் நடமாடும் நூலக வண்டிகள் உண்டு. நம் தாமானுக்கு வண்டி வருமா என்று பத்துக் குடும்பங்கள் கையெழுத்திட்டுக் கேட்பதில் தவறில்லை.

இனி, தமிழ் நூல்களுக்கு வருவோம். "போய்ப் பார்த்தோம், தமிழ் அலமாரியில் நாலு பழைய நூல்கள்தாம் இருந்தன" என்ற குறை அடிக்கடி நம் காதில் விழுகிறது. குறை நியாயமானதே. ஆனால், அலமாரி எப்படி நிறைகிறது என்று பார்க்க வேண்டும். நூலக அலுவலருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அவர் கண்ணுக்குத் தெரிவது கணக்கு ஒன்றுதான்: எந்த நூல் எத்தனை முறை வெளியே போயிற்று, எந்த மொழி நூலை எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கு. எடுப்பார் இல்லாத நூலுக்கு அடுத்த ஆண்டு பணம் ஒதுக்க அவருக்குக் காரணம் இராது. நாம் போகாததால் தமிழ் நூல் வரவில்லை. தமிழ் நூல் வராததால் நாம் போகவில்லை. இந்த முடிச்சை நம் பக்கத்திலிருந்துதான் அவிழ்க்க முடியும்.

இருக்கிற நாலு நூலையும் முதலில் எடுங்கள். பிறகு, வேண்டிய நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். பட்டியல் தயாரிக்கத் தமிழ்ப் பள்ளி ஆசிரியரோ மணிமன்ற இளைஞரோ உதவுவார். டூவி முறையில் அடுக்கிய நூலகத்தில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

நூல் சேர்ப்பது நமக்குப் புதிய வேலையும் அன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்த காலத்தில், 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். சாதாரண உழைப்பாளிகளும் கொடுத்தார்கள். அந்தப் பணம் பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்களாயிற்று. தாங்கள் போய்ப் படிக்க முடியாத நூலகத்துக்குக்கூட அவர்கள் காசு கொடுத்தார்கள்! நம்மிடம் இன்று கேட்கப்படுவது ஓர் உறுப்பினர் படிவம்தான்.

மலேசியாவில் வெளியாகும் தமிழ் நூல்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கு அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகளைப் பதிப்பாளர் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து எழுதியவர்களின் நூல்களுக்கும் இது பொருந்தும். கடையில் தீர்ந்துபோன நூலைப் பற்றிக் கோலாலம்பூரில் விசாரிக்கலாம்.

உறுப்பினராகச் சேர அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழின் நகலும் கையில் இருப்பது நல்லது. திறந்திருக்கும் நேரம் கிளைக்குக் கிளை மாறும். போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எடுத்த நூலைத் திருப்ப வேண்டிய தேதியைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அந்த வேலையைப் பிள்ளையிடமே விடலாம்.